முன்னறையில் இருக்கும் பெண்களைப் பாருங்கள்: பிராடோ அருங்காட்சியகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தின் இயக்குநருக்கும், ஸ்பானிய ஓவியங்களைப் பேணுகிறவர்களுக்கும், அங்கே விளக்க அட்டைகள் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலைத் தமிழில் எழுதுகிறேன். ஸ்பானிய மொழியில் பெயர்த்து உங்களுக்கும் அனுப்பி வைப்பேன். ஆனால் முதலில் தமிழில்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் பேசவிருக்கும் ஓவியத்தில் நடக்கும் வேலைக்குரிய சொற்களெல்லாம் எனக்குத் தமிழில்தான் தெரியும். ராட்டை, நூல் முறுக்கும் கதிர், நூல் கற்றையான சிட்டம், நூல் உருண்டையான கண்டு, நாடாவுக்குள் போகும் நூல் சுற்றிய தார். எங்கள் வீட்டில் இவை தினமும் புழங்கிய சொற்கள். பரமக்குடிப் பக்கம் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அம்மாச்சி தார் சுற்றும் சத்தத்தைக் கேட்டே தூங்கி எழுந்து வளர்ந்தவள் நான்.

உங்கள் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறைதான் வந்திருக்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் கட்டணம் இல்லை என்பதால் அந்த நேரத்தில் வந்தேன். இரண்டு மணி நேரம்தான் இருந்தது. எல்லோரையும் போல நானும் முதலில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ பார்க்கத்தான் ஓடினேன். அங்கே கூட்டம் நெரிந்தது. சரி, கொஞ்சம் கழித்து வரலாம் என்று நகர்ந்தபோதுதான் அதே வெலாஸ்கெஸின் இன்னொரு ஓவியத்துக்கு முன்னால் வந்து நின்றேன். ‘லாஸ் இலாந்தேராஸ்’. அதாவது, நூல் நூற்கும் பெண்கள். ‘அராக்னேயின் கதை’ என்பது அதன் இன்னொரு பெயர். நெசவில் மினர்வா என்ற தெய்வத்தோடு போட்டியிட்டு, கடைசியில் சிலந்தியாக மாற்றப்பட்ட பெண்தான் அராக்னே. அதன் பிறகு நான் வேறெங்கும் போகவில்லை.

படத்தின் முன்பாதியில் ஐந்து பெண்கள். இடப்பக்கம் தலையில் வெள்ளைத் துணி கட்டிய மூதாட்டி ராட்டை சுற்றுகிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் சிவப்புத் திரையை விலக்கியபடி நிற்கிறாள். நடுவில், இருட்டுக்குள், தாழ உட்கார்ந்து ஒருத்தி கம்பளியைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய முகம் சில தீற்றல்கள்தான். வலப்பக்கம் நமக்கு முதுகைக் காட்டியபடி, வெள்ளைச் சட்டை அணிந்த இளம்பெண் சிட்டத்திலிருந்து நூலை இழுத்துக் கண்டாகச் சுற்றுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பெண். தரையில் பஞ்சு பஞ்சாகக் கம்பளி. ஒரு பூனை. இவர்களுக்கெல்லாம் பின்னால், இரண்டு படி உயரத்தில், மேடை போல வெளிச்சம் கொட்டும் ஓர் உள்ளறை. அங்கே பட்டாடை உடுத்திய சீமாட்டிகள், சுவரில் ஒரு சித்திரத் திரைச்சீலை, அதற்கு முன்னால் தலைக்கவசத்தோடு கையை ஓங்கி நிற்கும் மினர்வா, அவள் எதிரே அராக்னே.

கதை நடப்பது பின்னறையில். வேலை நடப்பது முன்னறையில். நான் இந்த மடலை எழுதுவது அந்த முன்னறைக்காக.

இந்த ஓவியத்தை உலகம் எப்படிப் பார்த்து வந்தது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் தமிழர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் இதைத் தொழிற்கூடக் காட்சி என்றே எல்லோரும் நினைத்தார்கள். மாட்ரிடின் சாந்தா இசபெல் திரைச்சீலைக் கூடத்தில் வெலாஸ்கெஸ் கண்ணால் கண்டதை அப்படியே தீட்டிவிட்டார் என்று எழுதினார்கள். 1948-இல் கலை வரலாற்று அறிஞர் டியேகோ ஆங்குலோ இன்யிகெஸ், இது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன அராக்னே கதை என்று வாதிட்டார். ஏறத்தாழ அதே சமயத்தில் மரியா லூயிசா கத்துர்லா என்ற ஆய்வாளர் ஒரு பழைய சொத்துப் பட்டியலை வெளிக்கொணர்ந்தார். அரண்மனையில் வேட்டை அலுவல் பார்த்த பேத்ரோ தெ ஆர்சே என்பவரின் 1664-ஆம் ஆண்டுப் பட்டியல் அது. அதில் வெலாஸ்கெஸ் கையால் ஆன ‘அராக்னேயின் கதை’ என்று ஓர் ஓவியம் பதிவாகியிருந்தது. ஓவியர் இறந்து நான்கே ஆண்டுகளில் எழுதப்பட்ட பட்டியல் என்பதால் அதற்கு மேல் பெரிய சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

இன்னொரு தடையும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் யாரோ இந்த ஓவியத் துணியின் மேற்புறத்திலும் பக்கங்களிலும் ஒட்டுச் சேர்த்திருக்கிறார்கள். வெலாஸ்கெஸ் தீட்டியது சுமார் 167-க்கு 252 சென்டிமீட்டர். ஒட்டுகளோடு சேர்த்து அது 220-க்கு 289 ஆகிவிட்டது. மேலே வந்த அரை மீட்டரில் ஒரு வளைவும் வட்டச் சாளரமும் முளைத்தன. அறை உயர்ந்தது, பின்னறை தள்ளிப் போனது, ஆட்கள் சிறுத்தார்கள். அந்த ஒட்டுகளை வெட்டி எறியாமல் மறைத்து, வெலாஸ்கெஸ் தீட்டிய அளவு மட்டும் கண்ணில் படும்படி 2021-இல் நீங்கள் புதிய படச்சட்டம் அமைத்தீர்கள். அதற்காக மனமார நன்றி சொல்கிறேன். நான் பார்த்தது இந்தப் புதிய நிலையில்தான். அந்தப் பெண்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருந்தார்கள். பழைய அளவில் பார்த்திருந்தால் எனக்கு அம்மாச்சி நினைவுக்கு வந்திருப்பாரா, தெரியவில்லை.

இப்போது என் கவலைக்கு வருகிறேன்.

1948-க்கு முன்பு பார்த்தவர்கள் பின்னறையைக் கவனிக்காமல் விட்டார்கள். இன்றைக்குப் பார்ப்பவர்கள் முன்னறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கே நின்றிருந்த நேரம் முழுவதும் இதைத்தான் பார்த்தேன். வருகிறவர்கள் கண் நேராக அந்த வெளிச்ச அறைக்குப் போகிறது. மினர்வா எது, அராக்னே எது என்று விரல் நீட்டுகிறார்கள். சுவரில் தொங்கும் திரைச்சீலையில் இத்தாலிய ஓவியர் டிஷியனின் ‘யூரோப்பா’ ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறார்கள். விடுகதைக்கு விடை கிடைத்ததும் அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். ராட்டை சுற்றும் மூதாட்டியை யாரும் ஒரு நிமிடம் நின்று பார்க்கவில்லை. இத்தனைக்கும் அந்தச் சக்கரம்தான் இந்த ஓவியத்தின் பெரிய அற்புதம். ஆரக்கால்களே இல்லை. வேகத்தில் கரைந்துவிட்டன. ஒரு மங்கிய வட்டமும் அதன் மேல் ஒளியின் சில வளைகோடுகளும் மட்டும். புகைப்படக் கருவி பிறக்க ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இருக்கும்போது, சுற்றும் சக்கரம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே ஒரு மனிதர் தீட்டியிருக்கிறார்.

அந்த மூதாட்டியைக் கவனியுங்கள். அவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. திரையருகே நிற்கும் பெண்ணிடம் திரும்பி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார். சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. என் அம்மாச்சி இப்படித்தான். கை பாட்டுக்கு வேலை செய்யும், வாய் பாட்டுக்குப் பேசும். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு, ரேஷன் கடை, மழை, எல்லாம் அந்த ராட்டைச் சத்தத்துக்குள்ளேதான் நடக்கும். நூல் அறுந்தால் மட்டும் பேச்சு நிற்கும். அவர் குனிந்து பார்ப்பதற்கு முன்பே விரல் இரண்டு முனையையும் தேடிப் பிடித்து முறுக்கியிருக்கும். பார்க்காமல் செய்கிற அளவுக்கு ஒரு வேலை கைக்குள் இறங்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது எனக்குத் தெரியும். நான் ஆறு மாதம் முயன்று பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவள்.

வலப்பக்கப் பெண்ணின் இடக்கையைப் பாருங்கள். நூலை இழுப்பதற்காக நீண்டிருக்கிறது. கழுத்து கொஞ்சம் சாய்ந்து, சட்டை தோளில் நழுவி, முதுகுத்தண்டு நிமிர்ந்து நிற்கிறது. அவள் முகத்தை வெலாஸ்கெஸ் நமக்குக் காட்டவே இல்லை. முழுக் கதையையும் அந்தக் கைக்குக் கொடுத்துவிட்டார். சிஸ்டைன் கூரையில் மிக்கேலாஞ்சலோ தீட்டிய இளைஞர்களின் அமர்வை வைத்துத்தான் இந்தப் பெண்ணையும் ராட்டை சுற்றும் மூதாட்டியையும் அவர் அமைத்தார் என்று ஆங்குலோவே காட்டியிருக்கிறார். போப்பின் தேவாலயத்துக் கூரையில் இருந்த வீறு, கம்பளி நூல் சுற்றும் பெண்ணின் தோளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு உடல் சிலிர்க்கிறது.

மூதாட்டியின் கால் பற்றி அறிஞர்கள் சொல்வதையும் படித்திருக்கிறேன். முகம் கிழவியாக இருக்க, பாவாடைக்கு வெளியே தெரியும் கால் மட்டும் இளமையாக இருக்கிறது. ஆகவே இவர் கிழவி வேடத்தில் வந்த மினர்வா, வலப்பக்கப் பெண்தான் அராக்னே, முன்னறையிலேயே போட்டி நடக்கிறது என்பது அந்த வாசிப்பு. ஓவிட் கதையில் மினர்வா முதலில் கிழவி வேடத்தில்தான் வருகிறாள். அழகான வாசிப்பு, இருக்கலாம். ஆனால் எங்கள் ஊரில் குழித்தறியில் மிதித்து மிதித்து உரமேறிய கால்களை எழுபது வயதிலும் பார்த்திருக்கிறேன். வேலை செய்த உடம்பில் முகமும் காலும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. அந்தக் காலைத் தெய்வத்தின் கால் என்று சொல்வதற்கு முன், உழைப்பவரின் கால் என்றும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஓவிட்டையே எடுத்துக்கொள்வோம். ‘உருமாற்றங்கள்’ நூலின் ஆறாம் பகுதியில் அராக்னே யார் என்று அவர் சொல்கிறார். குலத்தால் பெரியவள் இல்லை. தந்தை இட்மோன் கம்பளிக்குச் சாயம் ஏற்றுகிறவர். தாய் இறந்துவிட்டாள், அவளும் எளிய குடியில் வந்தவள். சின்ன ஊரில் சின்ன வீடு. ஆனாலும் அவளுடைய வேலையைப் பார்க்க மலையையும் திராட்சைத் தோட்டங்களையும் ஆற்று நீரையும் விட்டுவிட்டு வனதேவதைகள் வருவார்களாம். நெய்து முடித்த துணியைப் பார்ப்பது மட்டுமல்ல, அவள் நெய்துகொண்டிருப்பதைப் பார்ப்பதும் அவர்களுக்கு இன்பமாக இருந்தது என்கிறார் ஓவிட். கச்சாக் கம்பளியை அவள் உருண்டையாகத் திரட்டுவது, விரலால் நெருடி மேகம் போல இழைய விடுவது, பெருவிரலால் கதிரை உருட்டுவது, எல்லாவற்றையும் வரி வரியாகச் சொல்கிறார். அந்த வரிகளைப் படித்துவிட்டு ஓவியத்தின் முன் நின்றால் முன்னறை வேறு விதமாகத் தெரிகிறது. முடித்த துணி பின்னால் தொங்குகிறது. அது உருவாகும் விதம் முன்னால் நடக்கிறது, பெரிதாக, நம் பக்கத்தில். வனதேவதைகள் நின்ற இடத்தில் வெலாஸ்கெஸ் நம்மை நிறுத்தியிருக்கிறார். அங்கே நின்றுகொண்டு நாம் எட்டி எட்டிப் பின்னறையையே பார்க்கிறோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஓவியம் பிறந்த நாட்களில் வெலாஸ்கெஸுக்கே கையால் செய்யும் வேலை ஒரு சங்கடமாக இருந்தது. 1655-க்கும் 1660-க்கும் இடையில் தீட்டப்பட்டது இது. அதே காலத்தில்தான் அவர் உயர்குலத்தவருக்கான சாந்தியாகோ வீரர் அணியில் சேர முயன்றுகொண்டிருந்தார். உயர்குலத்தவர் என்று நிரூபிக்க வேண்டும். கைத்தொழிலால் பிழைத்தவர் என்று தெரிந்தால் அனுமதி கிடையாது. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். சுர்பரான், அலோன்சோ கானோ போன்ற சக ஓவியர்களே சாட்சி சொன்னார்கள். வெலாஸ்கெஸ் கடை வைத்து ஓவியம் விற்றவர் அல்ல, அரசரின் விருப்பத்துக்காகத் தீட்டியவர் என்று நிறுவ வேண்டியிருந்தது. கடைசியில் அரசர் நான்காம் பிலிப்பின் தலையீட்டாலும் போப்பின் விலக்கு ஆணையாலும் 1659 நவம்பரில் அவருக்கு அந்த அணியின் சின்னமான சிலுவை கிடைத்தது. அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனார்.

தன் கை தொழில் செய்யும் கை அல்ல என்று ஊரறியச் சாட்சி சொல்ல வைத்த அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் அதே கை இந்தப் பெண்களின் கைகளைத் தீட்டியது. அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்லப் போவதில்லை. கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறேன். பட்டாடைச் சீமாட்டிகள் தூரத்தில் சிறிதாக நிற்கிறார்கள். வியர்க்க வேலை செய்கிறவர்கள் பக்கத்தில் பெரிதாக இருக்கிறார்கள். சாந்தியாகோ அணியின் கணக்கில் மேல் கீழாக இருந்தது துணியில் தலைகீழாகியிருக்கிறது.

பின்னறையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் திரைச்சீலையில் இருப்பது, டிஷியன் 1559-க்கும் 1562-க்கும் இடையில் இரண்டாம் பிலிப்புக்காகத் தீட்டிய ‘யூரோப்பா’. மூலம் இப்போது பாஸ்டனில், இசபெல்லா ஸ்டீவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1628-29-இல் மாட்ரிட் வந்த ஃபிளெமிய ஓவியர் ரூபென்ஸ் அதைப் பார்த்து ஒரு படி எடுத்தார். அந்தப் படி உங்களிடமே இருக்கிறது. 2021-இல் நீங்கள் நடத்திய ‘புராணக் காதல்கள்’ கண்காட்சியில் டிஷியனின் மூலம், ரூபென்ஸின் படி, வெலாஸ்கெஸின் நூற்பவர்கள் மூன்றும் ஒரே கூரையின் கீழ் வந்தன. எவ்வளவு அரிய சந்தர்ப்பம்! ஓவியர் ஓவியருக்குச் செய்த வணக்கமாக இதைச் சொல்வது சரிதான். ஆனால் கதைக்குள் அந்தத் துணி யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. அது ஒரு குற்றச்சாட்டு. காளை வேடத்தில் யூரோப்பா என்ற பெண்ணைத் தூக்கிச் சென்ற தேவர் தலைவன் ஜுபிடர், அன்னப் பறவையாக லேடாவிடம் வந்த ஜுபிடர், பொன் மழையாக டானாயேயிடம் வந்த ஜுபிடர் என்று தேவர்கள் பெண்களை ஏமாற்றிய கதைகளை ஒன்றன் பின் ஒன்றாக நெய்து காட்டினாள் அராக்னே. அந்த வேலையில் மினர்வாவால் ஒரு குறைகூடச் சொல்ல முடியவில்லை என்று ஓவிட் எழுதுகிறார். குறை சொல்ல முடியாததால்தான் துணியைக் கிழித்தாள், நெசவு நாடாவால் அவள் நெற்றியில் அடித்தாள். அராக்னே கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொண்டாள். அப்புறம்தான் சிலந்தி.

வெலாஸ்கெஸ் அந்தத் துணியைக் கிழிக்க விடவில்லை. ஓங்கிய கை ஓங்கியபடியே நிற்கிறது. துணி முழுசாக இருக்கிறது. அராக்னே இன்னும் பெண்ணாகவே நிற்கிறாள். சாயத் தொழிலாளியின் மகள் சொன்ன சாட்சி முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கிழியாமல் தொங்குகிறது. டிஷியன் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, என்னதான் வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய செலவு எதுவும் கேட்கவில்லை. முன்னறையில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்வையாளருக்குச் சொல்லுங்கள். ‘நூற்கும் பெண்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட வேண்டாம். ஒருத்தி சிக்கெடுக்கிறாள், ஒருத்தி நூற்கிறாள், ஒருத்தி கண்டு சுற்றுகிறாள். மூன்றும் வேறு வேறு வேலை. ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. கம்பளி நூலாகும் வரிசை முழுவதும் அந்தத் துணியில் இருக்கிறது. இதை எழுதும்போது கலை வரலாற்று அறிஞர்களோடு, கையால் நூற்கத் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ஆடு மேய்க்கும் ஊர்களில் இன்னும் அந்த வேலை தெரிந்த பெண்கள் இருப்பார்கள். அவர்கள் அந்தப் படத்தில் என்ன பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தது பருத்தி. கம்பளி தெரிந்தவர் பார்த்தால் நான் காணாத இன்னும் பத்து விஷயம் சொல்வார்.

இன்னொன்று, தொட்டுப் பார்க்க ஏதாவது வையுங்கள். 2015-இல் பார்வையற்றவர்களுக்காக ஓவியங்களைப் புடைப்பாகச் செய்து, கையால் தடவிப் பார்க்க வைத்தவர்கள் நீங்கள். அந்த வரிசையில் வெலாஸ்கெஸின் ‘வல்கனின் உலைக்கூடம்’ இருந்தது. அதுவும் ஒரு பட்டறைதான், அங்கேயும் தெய்வம் வேலையாட்களிடம்தான் வந்து நிற்கிறது. அதே போல இந்தப் பெண்களுக்கும் செய்யலாம். கூடவே ஒரு கைப்பிடிக் கம்பளி, ஒரு சிட்டம், ஒரு கண்டு. விரலில் அந்த எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் போதும், ஓவியத்தில் தரையில் கிடக்கும் அந்தச் சாம்பல் குவியல் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது.

மறைத்து வைத்த ஒட்டுப் பகுதிகளையும் மறந்துவிட வேண்டாம். ஓவியங்களைத் திருப்பி வைத்து அவற்றின் முதுகைக் காட்டவே ‘மறுபக்கங்கள்’ என்று 2023-இல் ஒரு முழுக் கண்காட்சி நடத்தினீர்கள். மறைந்திருப்பதைக் காட்டுவதில் உங்களுக்குத் தயக்கம் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பக்கத்துச் சுவரில் அந்த வளைவோடும் சாளரத்தோடும் கூடிய பழைய உருவத்தின் படம் ஒன்று இருக்கட்டும். ஒட்டிய கை பெயர் தெரியாத கைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக மக்கள் பார்த்த ஓவியம் அது. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படச்சட்டம் மாற்றியதில் நீங்கள் மீட்டுக் கொடுத்தது எவ்வளவு என்பது புரியும்.

அடுத்த ஆண்டு என் அம்மாவை அழைத்துக்கொண்டு வர இருக்கிறேன். அம்மாச்சி இல்லை, ஆனால் அவருடைய ராட்டை அம்மாவிடம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு ஸ்பானியமும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. உங்கள் அரங்குகளில் படம் எடுக்கக் கூடாது என்பதால் அவருக்குக் காட்ட என்னிடம் நான் எடுத்த படம் எதுவுமில்லை. வாயால்தான் சொல்லியிருக்கிறேன். சக்கரத்தில் ஆரக்கால் தெரியாது என்று சொன்னதும், “ஓடுற ராட்டையில எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அவர் நின்று நிதானமாகப் பார்ப்பதற்கு அந்த ஓவியத்தின் முன் ஒரு பெஞ்சு போட்டு வைத்தீர்கள் என்றால் நன்றாக இருக்கும். கண்டு சுற்றும் பெண்ணுக்கு நேரே, வலப்பக்கமாக.

மிகுந்த மரியாதையோடு,
ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்